மிதித்த தரை

ரிமோட்டில் ஓடும் என் சின்ன ஹைட்ராலிக் பொக்லைன் எவ்வளவு ஆழம் தோண்டும் என்று பார்க்க, மரக்காணத்தில் எங்கள் காய்ந்த உப்புப் பாத்தியில் இறக்கினேன். வாளி அள்ளிய கறுப்புக் களிமண்ணின் வாடை என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோனது.

அம்மாவும் மற்றவர்களும் நாள்கணக்கில் மிதித்து இறுக்கிய பாத்தித் தரையை, அடியில் என்னதான் இருக்கிறது என்று கரண்டியால் தோண்டினேன். மறுநாள் பாய்ச்சிய உப்புத்தண்ணீர் அந்த ஓட்டை வழியே இறங்கிப்போனது. அடி விழும் என்று நின்றேன். அம்மா குழிக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள்.

“கீழ என்னாடி இருந்துச்சு?”

“மணலும்மா.”

“நான் தோண்டுனப்பவும் அதாண்டி இருந்துச்சு.”

இப்போது பொக்லைன் வாளியாலேயே குழியை மூடினேன். பிஸ்டனில் ஒட்டிய உப்பைத் துடைத்து, வண்டியை வரப்பில் வைத்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மிதிக்க இறங்கினேன்.