முடியளவு ஊசியும் சில பெரிய மனிதர்களும்

குழந்தைகளுக்கு அக்குபங்சர் செய்கிறவருக்கு ஊசி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கவும் தெரிய வேண்டும். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் கிளினிக் வைத்திருக்கிறேன். சீன வைத்தியம் என்றதும் வயதான சீனர் ஒருவரை எதிர்பார்த்துப் படியேறி வருகிறவர்கள், பொட்டு வைத்த தமிழ்ப் பெண்ணைக் கண்டதும் வாசலிலேயே கொஞ்சம் தயங்குவார்கள். பிறகு அவர்களும், சீன வைத்தியரைக் கூப்பிடுகிற மாதிரி, என்னைச் 'சின்சே' என்றே கூப்பிடப் பழகிவிடுவார்கள். மருந்துக் கரண்டியோடு பிள்ளையின் பின்னால் ஓடிக் களைத்த பெற்றோர்களே, நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லப்போவது, ஓட்டம் நின்ற பிறகு அந்தப் பிள்ளைகள் என்னை வாயடைத்து நிற்க வைத்த சில சமயங்களைப் பற்றி.

முதலில் அப்பாவுக்கு

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு லாரி டிரைவர் தன் எட்டு வயது மகள் தர்ஷினியைக் கூட்டி வந்தார். இரவில் படுக்கையை நனைக்கிற பிரச்சினை. ஆஸ்பத்திரியில் பார்த்து, உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் முகாம் வருகிறது, போகவே மாட்டேன் என்று அழுகிறாள் என்றார். ஊசியைக் கண்டதும் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "மொதல்ல அப்பாவுக்குப் போடுங்க" என்றாள்.

அவர் கதவை அடைத்து நிற்கிற ஆள். சிரித்தபடிதான் கையை நீட்டினார். ஊசி தோலைத் தொடுவதற்கு முன்பே நெற்றி வியர்த்து, உதடு வெளுத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு மகள் வெளியே வந்தாள். அப்பாவின் இன்னொரு கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடுங்கப்பா, இப்ப முடிஞ்சிரும்" என்றாள். முடிந்ததும் அவரை எழுப்பிவிட்டு, தானே ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். அந்த முகாமுக்குப் போயும் வந்தாள். ஊசியால் சரியானதா, வளர்ந்ததால் சரியானதா, நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்று ஊசி ஏறும்போது கண்ணைக்கூட மூடாமல் அவள் அப்பாவிடம் சொன்னது காதிலேயே இருக்கிறது: "நான் அழுதா நீங்க ஐஸ்கிரீம் வாங்கித் தருவீங்க, உங்களுக்கு யாருப்பா வாங்கித் தருவா? அதான் கையப் பிடிச்சேன்."

கொஞ்சம் போதும்

கவினுக்குப் பத்து வயது. ரத்தப் புற்றுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் அம்மா அவனைக் கூட்டி வந்தார். அப்போது அவன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைவு, ஊசி கூடாது. அதனால் மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு புள்ளியைக் காட்டி, விரலால் அழுத்தச் சொல்லிக் கொடுத்தேன்.

"இது என் நோயக் குணமாக்குமா ஆண்டி?" என்று கேட்டான். பிள்ளைகளிடம் நான் பொய் சொல்வதில்லை. "ஆக்காது. அதுக்கு ஆஸ்பத்திரி மருந்துதான். இது வயித்தப் புரட்டுறதக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்" என்றேன். மொட்டைத் தலையை ஆட்டியபடி, "கொஞ்சம் போதும்" என்றான். அடுத்த முறை மருந்து ஏற்றிய பிறகு அம்மா போன் செய்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் புரியவில்லை. "அக்கா, இவன் வார்டு பூரா சொல்லிக் குடுத்துட்டான்லா! எல்லாப் பிள்ளைங்களும் கையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு, என்ன ஆச்சோன்னு நர்ஸ் ஓடி வந்துட்டாங்க!"

ஊசி போடாத நாள்

சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலை வேலை பார்க்கிற ஒரு பெண், தன் ஐந்து வயது மகன் முகிலனோடு வந்தார். காலையில் எழுந்ததும் தலைவலி, பிறகு வாந்தி. தைலம் தேய்த்துப் பார்த்தாராம். தலைவலிக்கு அக்குபங்சர் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். நான் மகனை அந்தக் கோடி வரை நடந்து காட்டச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

கையில் எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். "இது எனக்கான வேலை இல்லம்மா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "லீவு போட்டுப் பாலம் தாண்டித் தீவுக்கு வந்திருக்கேன். ஒண்ணுமே செய்யாம தொரத்துறீங்களே!" என்றார். வாதாட நேரமில்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டு இருவரையும் என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் நீர் தேங்கியிருந்தது. அன்றே ஆபரேஷன். வெளியே பெஞ்சில் அந்தப் பெண் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கோபமெல்லாம் போய்விட்டது. கதவு திறந்து, பிழைத்தான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தலைப்பை விட்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு முகிலன் என் கிளினிக் படியில் தடதடவென்று ஓடி ஏறி வந்தான். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த அம்மா சொன்னார்: "எல்லார்கிட்டயும் சொல்றேன் சின்சே, பினாங்குல ஒரு கைராசிக்காரம்மா இருக்காங்க, ஊசியே போட மாட்டாங்கன்னு!"

பாதிச் சிரிப்பு

ஒன்பது வயது ஓவியா ஒரு காலையில் பல் துலக்கும்போது, வாயில் வைத்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகிவிட்டது. முகத்தில் பாதி அசையவில்லை. இடது கண் மூடவில்லை, பிளாஸ்டர் ஒட்டித்தான் தூங்கவேண்டும். ஆஸ்பத்திரி மருந்தோடு என்னிடமும் வந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவள் அப்பாவுக்கு மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் தரப் பரிசோதனை வேலை. ஒவ்வொரு முறையும், "சரியானா எதனால சரியாச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்பார். தெரியாது என்பேன். அவருக்குத் திருப்தியே இருக்காது.

ஒரு மத்தியானம், புருவத்தருகே ஊசியை எடுத்துக்கொண்டிருந்தேன். மூடவே மூடாமலிருந்த அந்த இமை மெல்ல இறங்கியது. நின்றது. இன்னும் கொஞ்சம் இறங்கி, மூடிக்கொண்டது. மூச்சு விடக்கூட எனக்குப் பயமாக இருந்தது. அவள் கண்ணைத் திறந்து, கண்ணாடி கேட்டு வாங்கி, சிரித்துப் பார்த்தாள். கோணலாகத்தான் இருந்தது, ஆனால் இடது உதடும் கூடவே எழுந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தே சொன்னார்: "எங்க ஃபேக்டரியில, எது வேலை செஞ்சதுன்னு தெரியாம ஒரு சாமானையும் வெளிய விடமாட்டோம் சின்சே. இத மட்டும் விட்டுடுறேன்."

பிள்ளைகளின் பயம் போகட்டும் என்று கிளினிக் சுவரெல்லாம் மீனும் யானையும் வரைந்து வைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த யானையை உற்றுப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்பாக்கள்தான்.