மரக்கட்டையில் எழுதிய சொல்

சுரங்கக் கம்பெனியின் கல் கிடங்குக்கு அவள்தான் ராணி. பூமியைத் துளைத்து உருவும் கல் தண்டுகளை ஆழ வரிசைப்படி பெட்டியில் அடுக்குவாள். கல் சிதைந்து வராமல் போன இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து, ‘இல்லை’ என்று எழுதுவாள். துளை போடுகிறவன் கூடப்பிறந்த தம்பி.

பன்னிரண்டு வருடமாக மதியச் சாப்பாட்டில் இருவருக்கும் ஒரே சண்டை. கல்லில் பதிந்த சிப்பிகளைக் காட்டி, ஒன்று மாறி மாறித்தான் இன்னொன்று வந்தது என்பான் அவன். அக்காவா விடுவாள்?

“இது ஒரு சிப்பி, அது வேற சிப்பி. நடுவுல இருந்தது எங்கடா? காட்டு, ஒத்துக்கிறேன்.”

தம்பி குனிந்து சோற்றைப் பிசைவான். அவளுக்கு அன்று ஒரு பிடி கூடுதலாக இறங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அலமாரியின் கால் முறிந்து, பெட்டி கவிழ்ந்து, ஒரே துளையிலிருந்து எடுத்த நாற்பத்தொரு துண்டுகளும் தரையில் உருண்டன. துண்டுகளில் எண் எழுதும் வேலையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்ட மகராசி அவள். மாலையில் ஆய்வாளர் வருகிறார். வரிசை தப்பினால் வேலை போய்விடும். துண்டுகளின் நீளக்கணக்கு தம்பியின் நோட்டில் இருந்தது. அவனோ போனை எடுக்கவில்லை. முனைகளெல்லாம் ரம்பத்தில் அறுத்தவை, பொருத்திப் பார்க்கவும் வழியில்லை.

அடித்துண்டின் கீழ்முனை கருங்கல் என்பது மட்டும் நினைவிருந்தது. அதை வைத்துவிட்டுச் சிப்பிகளைப் பார்த்தாள். அந்த அடித்துண்டின் மேல்முனையில் இருந்த சிப்பியின் முதுகு வழுவழுப்பு. இன்னொன்றில் நகம் பட்டதுபோல் ஒரு வரி. வேறொன்றில் இரண்டு. போகப் போக வரிகள் பெருகி, தடித்து, மேடாயின. அப்படியே அடுக்கிக்கொண்டு போனாள். பாதி தாண்டியபோதுதான் அவளுக்கு உறைத்தது. எந்தக் காலத்துக் கடலிலோ வாழ்ந்து செத்த உயிர்கள் அவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தன.

நாலு மணிக்குத் தம்பி வந்தான். அவன் நோட்டைப் படிக்க, அவள் அளந்தாள்.

“பதினெட்டு.”

“பதினெட்டு.”

“முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொண்ணு.”

சிப்பியே இல்லாத இரண்டு துண்டுகள் மட்டும் இடம் மாறியிருந்தன.

“யாருக்கா உனக்கு வரிசை சொன்னது?”

அவள் சிப்பிகளைக் காட்டினாள். அவன் சிரிக்கவில்லை, பெரிய மனசு. பழக்க தோஷம், அவள் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

“இங்க ரெண்டு வரி, அடுத்ததுல அஞ்சு. நடுவுல இருந்தது எங்கடா?”

அவன் நோட்டைத் திருப்பிக் காட்டினான். “நாலு விரக்கடை. மெத்துனு இருந்த கல்லு. நான் துளைக்கும்போது மாவாகி, தண்ணியோட போயிடுச்சு.”

அவள் குனிந்து, அலமாரிக்கடியில் உருண்டிருந்த மரக்கட்டையை எடுத்தாள். அளந்தாள். நாலு விரற்கடை. அதில் தன் கையெழுத்தில் இருந்த ‘இல்லை’யை அடித்துவிட்டு, ‘இருந்தது’ என்று எழுதி அந்த இடத்தில் வைத்தாள்.