மாமா கொடுத்த பேட்டரி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நடந்தது நடந்ததுதான். சத்தியம் பண்ணி, வாதாடி நிரூபிக்கிற தெம்பெல்லாம் எனக்கு இப்போது இல்லை.

காட்டின் எல்லைக் கற்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் பதிவு செய்வது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் மாமாவும். மாமா என் அக்காவின் கணவர். அவரை இந்த வேலைக்கு இழுத்துவிட்டதே நான்தான். "பத்திரமா கூட்டிட்டு வா" என்று அக்கா என்னிடம்தான் சொல்லி அனுப்பினாள்.

மலைக்குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கிவிடும். அதனால் திரை வெளிச்சத்தைக் குறைப்போம். பீப் சத்தத்தை நிறுத்துவோம். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே கருவியை அணைத்தே வைப்போம். கருவிக்கு ஒரே சமயத்தில் இரண்டு பேட்டரி போட வேண்டும். மாற்று பேட்டரிகள் மாமாவின் சட்டை உள்பையில், நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். உடம்புச் சூடு பட்டால்தான் அவை உழைக்கும். தீர்ந்த ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு கோடு போட்டு அவரிடமே கொடுப்பேன். புதியதும் பழையதும் கலந்துவிட்டால் அன்றைக்கு எங்கள் பாடு திண்டாட்டம்தான்.

அன்று காலையிலேயே பனிமூட்டம். நடந்து நடந்து கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சரிவில் கல் இருக்கிறதா என்று பார்க்க மாமா இறங்கினார். நான் கருவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். கண் சொக்கியது. ஏதோ உருளும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது... கூப்பிட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்து நின்றார். கல் இல்லை என்று தலையாட்டினார். அப்பாடா என்று எழுந்தேன்.

மதியத்துக்கு மேல் எதிரே இருக்கிற மரம்கூடத் தெரியவில்லை. போதும், திரும்பிவிடலாம் என்றேன். அவர் என் பின்னால் வந்தார். ஜீப் வரைக்கும் கருவியை நம்பித்தான் போக வேண்டும். அணைக்காமலே நடந்ததில் காலையில் போட்ட இரண்டு பேட்டரியும் தீர்ந்தன. கோடு போட்டுப் பின்னால் நீட்டினேன். புதிய இரண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

சில்லென்று இருந்தது.

"என்ன மாமா, வெளிப்பையில வெச்சிட்டீங்களா?"

"உள்ளதான் இருந்துச்சு."

"இப்படிக் குளிருதே..."

"நட."

நடந்தேன். என் பூட்ஸ் சத்தம் கேட்டது. என் மூச்சு இரைத்தது. அவருடையது... கேட்கவில்லை.

மறுபடி இரண்டும் தீர்ந்தன. மறுபடி நீட்டினேன். இந்த முறை பனிக்கட்டி. அந்தக் குளிரில் எந்த பேட்டரியும் வேலை செய்யாது.

இவை செய்தன.

பயந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீப் தெரிந்தது. கதவைத் திறந்தேன். "ஏறுங்க மாமா."

யாரும் இல்லை.

மறுநாள், முந்தின நாள் காலையில் நான் உட்கார்ந்திருந்த அதே சரிவின் அடியில் அவரைக் கண்டெடுத்தார்கள். விழுந்ததுமே உயிர் போயிருக்கும், அதுவும் முதல் நாள் காலையிலேயே என்றார் டாக்டர். உள்பையில் நான்கு பேட்டரிகள் இருந்தன. புதியது ஒன்றுகூட இல்லை. நான்கிலும் நான் போட்ட கோடு.

அக்கா இப்போதெல்லாம் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. "அவரை எங்கடா விட்டுட்டு வந்தே?" என்று மட்டும் கேட்பாள்.

நான் விடவில்லை. ஜீப் வரைக்கும் அவர் என் கூடத்தான் வந்தார்.