இரண்டு மஞ்சாடி

எங்கள் பெட்டிகளைப் பார்க்கிறவர்கள் முதலில் மூடியைப் பற்றித்தான் கேட்பார்கள். மரத்தை எப்படி மாமி வளைத்தீர்கள் என்று. மரம் வளையவே இல்லை. விரலகலப் பட்டிகளின் ஓரத்தைச் சரிவாக இழைத்து, ஒன்றோடு ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் பார்வைக்கு வளைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மந்திரம் ஒன்றும் இல்லை, பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். மரத்திடம் மட்டும் எப்படியோ இருந்தது.

எங்கள் என்றால் எனக்கும் என் ஓர்ப்படிக்கும். என் கணவருடைய தம்பியின் மனைவி. நான் ஆபீசிலிருந்தும் அவள் பள்ளிக்கூடத்திலிருந்தும் ரிட்டயர் ஆன பிறகு, ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஆரம்பித்தோம். காரை விற்றபின் ஷெட் சும்மாதான் கிடந்தது. மில்லிலிருந்து பலா, தேக்குத் துண்டுகளை வாங்கி வந்து, தப்பும் தவறுமாக நாங்களே கற்றுக்கொண்டோம். மூடி என் பொறுப்பு. உடம்பும் கீலும் பாலிஷும் அவள் பொறுப்பு. இரண்டு ஓர்ப்படிகள் ரம்பமும் உளியுமாக ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்த்து, "யார் யாரை முதல்ல அறுக்கப் போறேள்?" என்று தெருவில் கேலி செய்தார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

மூடியைத் தனியாகச் செய்து பெட்டியின் மேல் வைத்தால் சரியாக உட்காராது. நான்கைந்து பெட்டிகளைப் பாழாக்கிய பிறகுதான் அது எங்களுக்குப் புரிந்தது. அதனால் முதலில் எந்தப் பக்கமும் திறப்பில்லாத முழுப் பெட்டியாகச் செய்துவிடுவோம். பசை காயும் வரை சைக்கிள் டியூபால் இறுகக் கட்டி வைப்போம். பிறகு வளைவுக்குக் கீழே சுற்றிலும் ரம்பத்தால் அறுத்தால் மூடி தனியாக வந்துவிடும். மரத்தின் ரேகை மூடியிலும் பெட்டியிலும் ஒன்றாக ஓடும். கடைசிப் பட்டியை ஒட்டி மூடுவதற்கு முன்னால் உள்ளே இரண்டு மஞ்சாடி மணிகளைப் போடுவோம். எங்கும் கிடைக்கிற அந்தச் சிவப்பு விதைதான். அவள் கையால் ஒன்று, என் கையால் ஒன்று. வாங்குகிறவர்கள் திறக்கும்போது பெட்டி வெறுமையாக இருக்கக் கூடாது என்று அவள்தான் ஆரம்பித்தாள். அறுப்பதற்கு முன்னால் பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்போம். கலகலவென்று கேட்டால் இருவருக்கும் சந்தோஷம். எனக்கு ஆபீசில் ஒரு நாளும் வராத சந்தோஷம் அது.

போன மழைக்காலத்தில் அவளுக்கு முதுகு வலி வந்தது. குனிந்து நிமிரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகப் போனில் அழுதாள். தம்பானூர் தாண்டி அவள் மகனுடைய பிளாட்டில் இருந்தாள். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறினேன். ஒரு தூக்கில் மிளகு ரசம், ஒரு குப்பியில் வைத்தியசாலைத் தைலம். குப்புறப் படுத்துக்கொண்டு, "அங்கேதான் மன்னி, கொஞ்சம் கீழே" என்பாள். நானும் தேய்ப்பேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் கேட்டாள்.

"மன்னி, அந்தப் பட்டிக்குச் சரிவு எப்படி எடுக்கறேள்? சும்மா படுத்துண்டிருக்கேனோல்லியோ, அதேதான் மனசுல ஓடறது."

பாவம், ஷெட்டை நினைத்து ஏங்குகிறாள் என்று நினைத்தேன். என் மூளை அப்படி. கட்டிலில் உட்கார்ந்து பேப்பரில் கோடு போட்டு விளக்கினேன். அதுவும் போதாதென்று, அடுத்த முறை போனபோது மூடியின் வளைவுக்காக நான் செதுக்கி வைத்திருந்த மர அச்சையே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். தொட்டுப் பார்த்தாலாவது ஆறுதலாக இருக்கட்டும் என்று.

ஷெட்டில் நான் புதிதாக ஒன்றும் தொடங்கவில்லை. அவள் இல்லாமல் இரண்டாவது மஞ்சாடியை யார் போடுவது?

ஒரு நாள் விளக்குத்திரி வாங்கக் கிழக்கேகோட்டைக்குப் போயிருந்தேன். ஒரு பாத்திரக்கடையில் குத்துவிளக்குகளுக்கு நடுவே நான்கு பெட்டிகள் வரிசையாக இருந்தன. என் வளைவு. நூறு பெட்டிக்கு நடுவில் வைத்தாலும் எனக்குத் தெரியும். ஒன்றை எடுத்துத் திறந்தேன். உள்ளே இரண்டு சிவப்பு மணிகள்.

கடைக்காரர் பக்கத்தில் வந்து பெருமையாகச் சொன்னார். "ரெண்டு மாமிமார் செய்யறது மாமி. அதுல மூத்த மாமிக்கு இப்போ தீரே சுகமில்லை, கேட்டோ. முதுகு வலி, எழுந்திருக்க வய்யாம கிடப்புதான். மத்த மாமி பாவம், ஒத்தைக்குச் செஞ்சு கொண்டுவரா. அந்த மாமி பேருக்கும் சேர்த்துதான் ரெண்டு மஞ்சாடியாம்."

மூத்த மாமி நான்தான். முதுகு வலியும் எனக்குத்தானாம், கிடப்பும் எனக்குத்தானாம். கிடப்பில் இருக்கிறவள் கடை வாசலில் பையோடு நிற்கிறேன். பெட்டியை மூடி வைத்தேன். திரி வாங்காமலே நேராகத் தம்பானூருக்கு ஆட்டோ ஏறினேன்.

அன்று சொல்லாமல் போனதால், எப்போதும் கட்டிலில் கிடக்கிறவள் தானே எழுந்து வந்து கதவைத் திறந்தாள். தலைமுடியில் மரத்தூள். என்னைப் பார்த்ததும் அவளுடைய கை தானாக இடுப்புக்குப் போயிற்று. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"எத்தனை நாளா என் தலையில மிளகாய் அரைக்கறே?" என்றேன்.

கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "உங்களாண்ட சொல்லணும்னுதான் இருந்தேன் மன்னி. பயம். நான் எது பண்ணினாலும் கோணல்ங்கறேள். கீலைப் பிடுங்கித் திரும்ப அடிக்கறேள். ஒரு பெட்டியாவது முழுசா நானே பண்ணிப் பாக்கணும்னு இருந்தது."

"அதை என் மூஞ்சிக்கு நேரே சொல்றதுக்கென்ன? தைலம் தேய்ச்சுக்க மட்டும் முதுகு இருந்ததா?"

"மஞ்சாடி உங்களுக்கும் சேர்த்துத்தானே போட்டேன் மன்னி."

அங்கேதான் என் மனசு உடைந்தது. தனியாகச் செய்யட்டும், விற்கட்டும், எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டும் என்றால் ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பேசியிருப்பேன். என் கையையும் சேர்த்துத் திருடி, என்னைப் படுக்கையில் தள்ளி, அதைப் பாசம் என்று என்னிடமே சொல்கிறாளே! அச்சைக் கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்தாள். நிமிர்ந்த நடை. வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து ஷெட்டைத் திறந்தேன். உடம்பு, மூடி, எல்லாம் நானே. அறுத்த பிறகு நான் அடிக்கப்போகிற கீலும் கோணலாகத்தான் வரும், பிடுங்கித் திரும்ப அடிக்க ஆள் இல்லை. கடைசிப் பட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான். எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தேன்.

"மன்னி, கோபம் தீரலையா? கடையில உங்களை விசாரிச்சுண்டே இருக்கா. மூத்த மாமிக்கு எப்படி இருக்கு, எழுந்து நடக்கறாளான்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

என் கையில் ஒரு மஞ்சாடி இருந்தது. அதை மட்டும் பெட்டிக்குள் போட்டேன்.

"செத்துப் போயிட்டேன்னு சொல்லு," என்றேன். "இனிமே நீயும் ஒண்ணு போட்டாப் போறும்."