புது டேங்குக்குப் போட்ட பூசை

அம்பதுகளோட நடுவுல, மலைநாட்டு டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல நடந்தது இது. எங்க வீட்டுக்காரர் அங்க லொறி டிரைவர். சீமைக்குக் கிளம்பின வெள்ளைக்காரத் தொரை ஒருத்தரு தன்னோட பழைய மோட்டார் சைக்கிள அவருக்கு விட்டுட்டுப் போயிட்டாரு. அன்னையிலருந்து வீட்டுக்கு ஒரு சக்களத்தி வந்த மாதிரிதான் எனக்கு. தொடைக்கிறதும் தடவுறதும், அடேயப்பா!

நான் அப்ப மாசமா இருந்தேன். அதுக்கு முன்ன ரெண்டு தடவை உண்டாகித் தங்கல. இந்தப் புள்ளையாவது நல்லபடியா பொறக்கணும்னு எங்க மாமியார் கதிர்காமத்துச் சாமிக்கு நேர்ந்துக்கிட்டாங்க. அத்தைன்னுதான் நான் கூப்பிடுவேன். "நானே வண்டியில போய் நேர்த்திய முடிச்சிட்டு வந்துடுறேன்"னு இவரு கிளம்பிட்டாரு. போற வழியில வெல்லவாய தாண்டினா காடுதான், பெட்ரோல் ஷெட்டு கெடையாதுன்னு யாரோ சொல்லிட்டாங்க. ஒடனே ஹட்டன் டவுனுக்குப் போய், தகர வேலை செய்யிற ஒருத்தர்கிட்ட ரெண்டாவது டேங்கு ஒண்ணு செஞ்சு வாங்கிட்டு வந்தாரு. பின் சீட்டுக்கு மேல அத வச்சு, தகரம் ஒராயாம இருக்க அடியில சாக்கை மடிச்சுப் போட்டு, இரும்புப் பட்டியால இறுக்கினாரு. "உசரத்துல இருந்தாத்தான் பெட்ரோலு தானா முன் டேங்குக்கு எறங்கும்"னு எங்க வரிசை வீட்டு லயத்துக்கே பாடம் நடத்தினாரு.

பூசை போடாம வண்டிய எடுக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க. காலையிலேயே தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசல்ல வண்டிய நிறுத்தி, ரெண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. புது டேங்குக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமமும் வச்சாச்சு. ரெண்டு டேங்கும் நெறைய பெட்ரோல். இவரு மாப்பிள்ளை மாதிரி மேல ஏறி உக்காந்துட்டாரு. தப்பு மேளம் அடிக்க ஆரம்பிச்சதும் பூசாரி தட்டு நெறைய கற்பூரத்தக் கொளுத்தினாரு.

அப்பதான் எனக்கு அந்த வாடை அடிச்சிச்சு. மாசமானதுலருந்து என் மூக்கு ஒரு மாதிரி. பக்கத்து லயத்துல கருவாடு சுட்டா இங்க நான் வாந்தி எடுப்பேன்; ஊரே என்னைக் கேலி பண்ணும். அதனால மொதல்ல நானே நம்பல. பெட்ரோல் ஊத்தின கையோட எல்லாரும் நிக்கிறாங்க, வாடை அடிக்கத்தானே செய்யும்? தரையப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்ல. ஆனா டேங்குக்கு அடியில இருந்த சாக்கு கறுத்துப் போயிருந்திச்சு. பனியில நனைஞ்சிருக்கும்னு நெனச்சேன். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அந்தக் கறுப்பு பெருசாகுது.

ஐயோ, அது பெட்ரோலு! "ஏங்க, எறங்குங்க! எறங்குங்க!"ன்னு கத்துறேன். தப்புச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? இவரு என்னையப் பார்த்துச் சிரிக்கிறாரு. பூசாரி தட்ட வண்டிக்கு முன்னாடி காட்டிட்டு, டேங்கு இருக்கிற பின் பக்கம் திரும்புறாரு. எரியிற கற்பூரத்தத் தடுத்தா சாமி குத்தம். வயித்துல இருக்கிற இதுவும் போயிடுச்சுன்னா, வாழ்நாள் பூரா அந்தப் பழி என் தலையிலதான். அதெல்லாம் மனசுல வந்துச்சு. வந்தும் ஓடினேன். பூசாரி கையிலருந்து தட்டப் புடுங்கிக்கிட்டு, சரிவுல எறங்கி, தண்ணி ஓடுற கானுக்குள்ள வீசிட்டேன். கற்பூரம் உஸ்ஸுன்னு அணைஞ்சிச்சு. தப்பும் நின்னு போச்சு.

"அடிப்பாவி! சாமி தீபத்தையா அணைச்ச? என் பேரப்புள்ளைய நீயே முழுங்கிடுவ போலயிருக்கே!"ன்னு அத்தை தலைவிரி கோலமா வந்தாங்க. அடிக்கக் கையவும் ஓங்கிட்டாங்க.

நான் டேங்கு பக்கம் கையக் காட்டினேன். இவரு எறங்கி வந்து சாக்கைப் புடிச்சாரு. புடிச்ச கையிலருந்து பெட்ரோலு கொடகொடன்னு ஊத்திச்சு. பட்டிய இறுக்கின எடத்துல ஈயம் வச்சு ஒட்டின மூட்டு விட்டிருக்கு. ஒழுகினது அத்தனையவும் சாக்கு குடிச்சிருக்கு. கற்பூரம் அந்தப் பக்கம் வந்திருந்தா, உக்காந்திருந்த மனுசன் எறங்கக்கூட நேரம் இருந்திருக்காது.

ஓங்கின கையோட அத்தை அப்பிடியே தரையில உக்காந்துட்டாங்க. பொறகு என் ரெண்டு கையவும் இழுத்து விரிச்சாங்க. தட்டோட சூடு பட்டு உள்ளங்கை செவந்து பொங்கியிருந்திச்சு. அதப் பார்த்து ஓன்னு அழுதாங்க. ஊதி ஊதி விட்டாங்க.

நேர்த்திய பொறகு பஸ்ஸுல போய் முடிச்சோம், புள்ளையக் கையில தூக்கிக்கிட்டு. இப்பவும் எங்க குடும்பத்துல வண்டி வாங்கி யாராவது பூசை போட்டா, கற்பூரம் கொளுத்த முன்ன எல்லாரும் என்னையத்தான் பார்ப்பாங்க. நானும் வண்டிய ஒரு சுத்து மோந்து பார்த்துட்டுத் தலையாட்டுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அந்தத் தப்புச் சத்தத்துல நான் கத்தினது கேக்காம என்னையப் பார்த்துச் சிரிச்ச அவரு மொகம் மட்டும் எனக்கு ஞாபகம் வரும். சாமி குத்தத்துக்குப் பயந்து நான் நின்ன எடத்துலயே நின்னிருந்தா, நான் கடைசியாப் பார்த்த சிரிப்பு அதுவாத்தான் இருந்திருக்கும்.