ஏடு ஏடாக உரிந்த காக்காப்பொன்

பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, அடுத்த மாதம் தன் வேலை இருக்குமா என்பது மட்டும் தெரியாது. தற்காலிக உத்தியோகம் பார்த்தவர்களே, உங்களுக்கு இது புரியும். கல்வராயன் மலையில் காக்காப்பொன், அதாவது மைக்கா, தேடிய ஆய்வு முகாமில் நான் தற்காலிக உதவியாளன். நல்ல சரக்கு கிடைத்தால் முகாம் நீடிக்கும், என் வேலையும் நீடிக்கும். கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இடஒதுக்கீடு கேட்டுக் கீழே ஊரெல்லாம் மறியல் நடந்த சமயம் அது.

துண்டில் முடிந்த தங்கம்

கச்சிராயபாளையத்தில் டீக்கடை வைத்திருந்த ஒருவர், துண்டில் எதையோ முடிந்துகொண்டு மலையேறி வந்தார். கூடாரத்துக்குள் நுழைந்து, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். மஞ்சளாகப் பளபளக்கும் பொடி. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கறுப்புக் காக்காப்பொன் வெயிலிலும் மழையிலும் கிடந்து இற்றுப்போனால் இப்படித்தான் பொன்னிறமாகும். விரலில் வைத்துத் தேய்த்துக் காட்டினேன், செதில் செதிலாக உதிர்ந்தது. அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. நானும் ஏதாவது பளபளக்காதா என்றுதானே உட்கார்ந்திருக்கிறேன்.

மறுபடியும் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார்: "தங்கம் இல்லன்னு சொல்றதுக்குத்தான் சார் காலேஜ் எல்லாம் போய்ப் படிச்சீங்களா?"

சாமைக் காட்டில் குழி

சடையன் மலைக்காரர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு துண்டுக் காடு, அதில் சாமை போடுவார். அந்தக் காட்டுக்கு நடுவே, மண்ணுக்கடியில் நரம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கல் ஓட்டம் போனது. நல்ல காக்காப்பொன் அந்த மாதிரி ஓட்டத்துக்குள்தான் இருக்கும். சோதனைக் குழி வெட்டினோம். ஆளுயரம் இறங்கியதும் கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்கினேன். உள்ளங்கை அகலம், கட்டைவிரல் கனம், சின்னப் புத்தகம் போல ஏடு ஏடாக ஒரு கட்டி. மேல் ஏடு கண்ணாடி மாதிரி இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தோஷம்தான், மறைப்பானேன்.

நிமிர்ந்தால் குழிமேட்டில் சடையன் நிற்கிறார். இது நல்ல சரக்கு என்று மேலிடம் சொல்லிவிட்டால் காடு முழுவதும் சுரங்கமாகிவிடும் என்று அவருக்கும் தெரியும். இந்தக் கல் ஓட்டம் ஓரிடத்தில் பருக்கும், ஓரிடத்தில் நூலாக இளைக்கும், எங்கே முடியும் என்று சொல்ல முடியாது என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெதைக்கட்டுமா, வேணாமா சார்? அத்த மட்டும் சொல்லுங்க."

மரத்துக்கு மரம் சோதனை

கட்டியைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய அதிகாரி, ஊர் திரும்ப முடியாமல் உளுந்தூர்பேட்டை பயணியர் விடுதியில் மாட்டிக்கொண்டிருந்தார். ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்ததால் ஜீப் போகாது. கள்ளக்குறிச்சியில் வாடகை சைக்கிள் எடுத்து, வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் கட்டியை வைத்துக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் கிடந்த ஒவ்வொரு மரத்திடமும் மறித்தார்கள். பெட்டியில் வெடி இருக்குமோ என்று அவர்களுக்குச் சந்தேகம். ஒவ்வொரு தடவையும் கயிற்றை அவிழ்த்துத் திறந்து காட்டினேன்.

காக்காப்பொன்னைக் கையில் வாங்கியவர் யாரும் ஓர் ஏடாவது உரிக்காமல் திருப்பித் தந்து நான் பார்த்ததில்லை. நகத்தால் நெம்பி, உரித்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கட்டியைக் கொடுத்தார்கள். அவரும் உரித்தார். அத்தனை பேர் கோபமாக நிற்கும் இடத்தில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசி மரத்தடியில் ஒரு தாடிக்காரர், ஏட்டைக் கண்ணருகே பிடித்தபடியே என் உத்தியோகத்தைப் பற்றி விசாரித்தார். தற்காலிகம் என்றேன். "அப்ப இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கீங்க? நீங்களும் வந்து உக்காருங்க."

ஜன்னலோரத்தில் தீர்ப்பு

அதிகாரி பெட்டியைத் திறந்தபோது கட்டைவிரல் கனம் சுண்டுவிரல் கனமாகியிருந்தது. தெளிவான மேல் ஏடுகள் எல்லாம் மறியலோடு போய்விட்டன. மிஞ்சியதில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நல்ல ஏடுகளை வழியில் உரித்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னொரு குழி வெட்டச் சொல்லியிருப்பார், என் வேலையும் தப்பியிருக்கும். சொல்ல வாயெடுத்தேன். மாதிரியை இப்படியா கொண்டுவருவது என்று கிழிப்பாரே என்ற பயம் ஒரு பக்கம், குழிமேட்டில் நின்ற சடையன் முகம் ஒரு பக்கம். எது என் வாயை அடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "கறை விழுந்த சரக்குப்பா. முகாமைக் காலி பண்ணிடுங்க."

குழியை மூடிய நாள்

நானும் சடையனும் சேர்ந்துதான் குழியைத் தூர்த்தோம். கல் மட்டம் என்று எழுதிவிட்டார்கள், இனி உங்கள் காட்டை யாரும் தொடமாட்டார்கள், தாராளமாக விதையுங்கள் என்றேன். எனக்கு வேலை போய்விட்டதையும் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் மண்ணை மிதிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். "அது மட்டக் கல்லு இல்லீங்க சார். குழியில நானுந்தான பாத்தேன்."

தற்காலிக உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்ததுதான்.