சிங்கப்பூர் டொலரும் மூன்று சாக்குக் கடலட்டையும்

கடலட்டையை எங்கள் ஊரில் யாரும் தின்பதில்லை. கையில் எடுத்தாலே வழுக்கும், அருவருக்கும். அதை அவித்து, மணலில் புதைத்து, தோலைச் சுரண்டி, மறுபடியும் அவித்துக் காயவைத்தால் சிங்கப்பூரில் நல்ல விலை போகும் என்று, ஊரில் கடலட்டை வாங்கி ஏற்றுமதி செய்த முதலாளி சொன்னார். காசு கொடுத்து இதைத் தின்கிற மனிதர் இருப்பார்களா என்பதுதான் என் முதல் சந்தேகம். யுத்த காலம், எங்கள் தீவை விட்டுச் சாக்குகளை வெளியே கொண்டுபோக ராணுவத்தின் அனுமதி வேண்டும். எங்கள் ஊரான பேசாலையில் அது அவரிடம் மட்டும் இருந்தது. எப்படிக் கிடைத்தது என்பது என் இரண்டாவது சந்தேகம்.

என் அண்ணை மூச்சடக்கிச் சுழியோடிக் கடலட்டை எடுக்கிறவர். அவருடைய படகின் இயந்திரம் பழுதாகி, இனித் திருத்தவே முடியாது என்றாகிவிட்டது. அயலூரில் ஒருவர் பழைய இயந்திரம் ஒன்றை விற்கவிருந்தார். கிறிஸ்மஸ் வரைக்கும் வைத்திருப்பேன், அதற்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அண்ணை பிறருடைய படகில் ஏறிச் சுழியோடி, தன் பங்கை அவித்துக் காயவைத்து, மூன்று சாக்கு சேர்த்துவிட்டார். அதை விற்றால் இயந்திரம் வரும். இயந்திரம் வந்தால் அவர் மறுபடியும் சொந்தப் படகுக்காரர்.

அது 1997. அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். படித்தது வர்த்தகம். வானொலியில் செய்திக்குப் பிறகு நாணய மாற்று விலை வாசிப்பார்கள். பற்றரியை வெயிலில் காயவைத்தாவது அதைக் கேட்டுக் கொப்பியில் எழுதிவிடுவேன். டொலர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்தது. ரூபாய் இறங்கினால் ஏற்றுமதி செய்கிறவனுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. கடலட்டை விலை ஏற வேண்டும், கணக்குச் சரி.

சாக்குகளோடு, முதலாளி சரக்கு வாங்கும் கடற்கரைக் கொட்டிலான வாடிக்குப் போனோம். முதலாளி இரண்டு அட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். கல்லைப் போல டக்கென்று கேட்டது. "நல்லாக் காஞ்சிருக்கு" என்றார். பிறகு, போன மாதம் கொடுத்த விலையில் பாதியைச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டொலர் ஏறுது முதலாளி, நீங்கள் என்னெண்டு விலையை இறக்குவியள்?" என்று அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கக் கேட்டேன்.

"பிள்ளை, வானொலி சொல்லுறது அமெரிக்கா டொலர். சிங்கப்பூருக்கு வேறை டொலர். அது விழுந்திட்டுது. அங்காலை கனக்க நாடுகளின்ரை காசு விழுந்துபோச்சு."

"உலகத்திலை எத்தினை டொலர் இருக்கு?" என்றேன். வாடியே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கோப்பைத் திறந்து, அதிலிருந்த வங்கிக் கடிதம் ஒன்றைக் காட்டினார். சிங்கப்பூரில் வாங்குகிறவர் தன் வங்கியிடம் சொல்ல, சரக்கு கப்பலேறிவிட்டது என்ற பத்திரம் வந்ததும் பணம் தருவோம் என்று அந்த வங்கி எழுதித் தருமாம். அந்த வாக்கை நம்பிக் கொழும்பு வங்கி முதலாளிக்கு முன்பணம் கொடுக்குமாம். அதில்தான் எங்களுக்குக் கையோடு காசு வந்ததாம். "இப்ப அந்த பாங்கு லேசிலை எழுதித் தருகுதில்லை. இதுதான் கடைசிக் கடிதமோ தெரியாது" என்றார்.

முகம் தெரியாத ஒரு வங்கி, முகம் தெரியாத இன்னொரு வங்கிக்கு வாக்குக் கொடுத்துத்தான் பேசாலையில் என் அண்ணையின் கைக்குக் காசு வந்ததாம்! இதை நான் நம்ப வேண்டுமா? தட்டச்சு இயந்திரம் உள்ள எவனும் இப்படி ஒரு கடிதம் அடிப்பான் என்று சொல்லிவிட்டேன். அண்ணை என் முகத்தைப் பார்த்தார். "குடுக்காதேங்கோ அண்ணை. ரெண்டு கிழமையிலை தன்ரை பாட்டிலை இறங்கி வருவார்" என்றேன். படித்த தங்கச்சியின் சொல் என்று சாக்குகளைத் திருப்பித் தூக்கி வந்தார்.

முதலாளி இறங்கி வரவில்லை. வாடியைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். வேறு வியாபாரி தீவுக்குள் வர வழியில்லை. நடிப்பு என்றுதான் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் மாரி பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் வைத்த சாக்குகளிலும் ஈரம் ஏறியது. ஒருநாள் அண்ணை இரண்டு அட்டைகளை எடுத்துத் தட்டினார், சத்தம் வரவில்லை. மறுபடி காயவைக்க வெயிலும் இல்லை. கிறிஸ்மசுக்கு முன் மூன்று சாக்கையும் கரையில் குழிவெட்டிப் புதைத்தோம். இயந்திரம் வேறு ஆளிடம் போனது. அண்ணை படகையும் விற்றுவிட்டு, பிறருடைய வலைக்குக் கூலியாளானார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு வங்கிகள் மறுபடி கடிதம் எழுதத் தொடங்க, முதலாளி வாடியைத் திறந்தார். கடிதப் போக்குவரத்துக்கு இங்கிலிஷ் தெரிந்த ஆள் தேவைப்பட்டு, என்னையே கூப்பிட்டார். வீட்டு நிலைமைக்கு நான் போகத்தான் வேண்டும். ஆனால் அவர் வெளியே போன முதல் நாளே அந்தப் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். கடிதம் உண்மையானது. சிங்கப்பூரிலிருந்து வாங்குகிறவர் அனுப்பிய விலையும் அதோடு இருந்தது. அது கால்வாசிதான் குறைந்திருந்தது.

அவர் வந்ததும் தாளை மேசையில் வைத்தேன். எடுத்து வாசித்தார்.

"ஓம் பிள்ளை. அங்கை கால்வாசி விழுந்தது, நான் அரைவாசி குறைச்சனான். அடுத்த கடிதம் வருமோ எண்டு எனக்கும் பயம்."

சந்தோசம் தாங்காமல் வீட்டுக்கு ஓடினேன். உண்மையைச் சொல்கிறேன், என் சந்தேகம் சரியாகிவிட்ட சந்தோசம்தான். முற்றத்தில் அண்ணை யாரோ ஒருவருடைய வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்: "அண்டைக்கு அந்த அரை விலைக்குக் குடுத்திருந்தா, இஞ்சின் வந்திருக்குமே?"

கணக்கு எனக்குத் தெரியும். வந்திருக்கும். கொஞ்சம் மிச்சமும் இருந்திருக்கும்.

"ஓம்" என்றேன்.